எப்போதிலிருந்து என்று கேட்கும் மருத்துவம்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியத்தைப் பற்றியோ சமய தத்துவத்தைப் பற்றியோ ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவதும், கேட்டவர்கள் மனநிறைவோடு காபி அருந்தி விடைபெறுவதும் நம் நாட்டு வழக்கம். அந்த வழக்கத்தை இவ்வாண்டு கைவிட்டு, மனநல மருத்துவன் ஒருவனை அழைத்து, வளர்ச்சிக் குறையோடு பிறந்து பின்னர் மனநோயும் உற்றவர்களைக் குறித்துப் பேசுமாறு பணித்த அமைப்பாளர்களின் துணிவைப் பாராட்டுகிறேன். பின்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து நடந்தாலும், குரல் எழுப்பினாலும், அன்புகூர்ந்து யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். பேசுகிற எனக்கு அதனால் ஓர் இடையூறும் இல்லை.

அறிவு வளர்ச்சிக் குறை, ஆட்டிசம் முதலியவை பிறப்பிலோ இளமையிலோ வெளிப்பட்டு வாழ்நாள் முழுதும் உடன் வரும் நிலைகள். அவற்றை நோய் என்று சொல்வது பொருந்தாது. மனச்சோர்வு, மனவெழுச்சி நோய், மனச்சிதைவு முதலியவையோ, நேற்றுவரை தம் இயல்பில் இருந்த ஒருவரிடத்தில் ஒரு காலத்தில் தோன்றி, அவரை வேறொருவராக்கி, தக்க சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் தணியக்கூடிய வியாதிகள். முன்னது உடையவருக்குப் பின்னது வராது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. மற்றவர்களைக் காட்டிலும் அவர்களுக்கே அது மிகுதியாக வருகிறது என்பதைப் பிறநாட்டு ஆராய்ச்சிகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் அறிவு வளர்ச்சிக் குறையுடைய வயதுவந்தோர் 1,023 பேரைப் பரிசோதித்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நடத்தைச் சிக்கல்களையும் உட்படுத்தி, 40.9 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக மருத்துவர்கள் கண்டார்கள். அதே மக்களை, பொதுவான நோயாளிகளுக்கென்று அமெரிக்கர் வகுத்த ஏட்டை அளவுகோலாகக் கொண்டு அளந்தபோது அத்தொகை 15.7 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. அந்த ஏட்டில் நடத்தைச் சிக்கலுக்குத் தனி இடமில்லாமை ஒரு காரணம். நோயாளி தம் வாயால் சொல்லும் சொற்களையே அது பெரிதும் நம்பியிருப்பது, என் அபிப்பிராயத்தில், அதனினும் பெரிய காரணம். “வாழ்க்கையில் பிடிப்பில்லை” என்று சொல்லத் தெரியாதவருக்கு மனச்சோர்வு இல்லை என்று அந்த ஏடு தீர்ப்பளித்துவிடுகிறது.

நம் ஊர்க் கதையைச் சற்றுப் பின்னிருந்து தொடங்குவது உசிதம். சென்னையில் மனநோயாளிகளுக்கென ஒரு விடுதி 1794இல் ஏற்பட்டது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துத் தோட்டமொன்றுக்கு இடம்பெயர்ந்தது. 1922இல் ‘மனநோய் ஆஸ்பத்திரி’ என்ற பெயரைப் பெற்றது. அக்காலத்தில் நடைமுறையிலிருந்த 1912ஆம் ஆண்டுப் பைத்தியச் சட்டம், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவரையும் பின்னர் சித்தம் கலங்கியவரையும் ஒரே சொல்லுக்குள் அடக்கி, ஒரே மதிலுக்குள் அனுப்பிற்று. ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயர் நம் மக்களுடைய நாவில் ஒரு வசையாக மாறியதற்கு அந்த மதிலே காரணம். 1961இல் அந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பை ஏற்ற டாக்டர் சாரதா மேனன் அவர்கள், நோயாளியைக் குடும்பத்தோடு மீண்டும் சேர்ப்பதே வைத்தியத்தின் பாதி என்ற எண்ணத்தை அங்கே ஊன்றினார். பின்னர் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கென அவர் நிறுவிய ஸ்கார்ஃப் ஸ்தாபனம் நம் திருவேற்காட்டிலும் ஓர் இல்லம் நடத்துகிறது. வீதியில் அலைந்த பெண்களுக்காக 1993இல் தோன்றிய பான்யன் அமைப்பின் ‘அடைக்கலம்’ முகப்பேரில் இருக்கிறது. ஆகவே, மனநலப் பணி இந்த மேற்குப் புறநகருக்குப் புதிதன்று.

1987ஆம் ஆண்டுச் சட்டம் பழைய கலப்பைப் பிரித்தது. மனநோயாளி என்பவர் ‘மனவளர்ச்சிக் குறை நீங்கலான’ மனக்கோளாறு உடையவர் என்று அது இலக்கணம் வகுத்தது. இன்று நடைமுறையிலிருக்கும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் அவ்வண்ணமே, மனவளர்ச்சிக் குறை மனநோயில் அடங்காது என்று கூறுகிறது. இது நியாயமான திருத்தம்; நோயாளி அல்லாத ஒருவரை நோயாளி என்று அடைத்துவைத்த அநியாயம் அதனால் குறைந்தது. ஆயின், வளர்ச்சிக் குறை மனநோய் அன்று என்று சட்டம் சொன்னதை, வளர்ச்சிக் குறையுடையவருக்கு மனநோய் வந்தாலும் அது எங்கள் காரியம் அன்று என்று ஆஸ்பத்திரி ஜன்னல்கள் பொருள் செய்துகொண்டன. சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. அந்த ‘ஒவ்வொருவர்’ என்பதற்குள் இவர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சட்டம் படித்தவர்களே சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.

மற்றொரு பக்கத்தில், 1999இல் பிறந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறை, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கையே தன் பொறுப்பில் கொண்டது. மனநோய் அதில் சேரவில்லை. இப்படியாக ஓர் அதிகாரி மனநோய்க்கும், வேறோர் அதிகாரி வளர்ச்சிக் குறைக்கும் பொறுப்பாளர்களாகிவிட, இரண்டையும் ஒரே உடலில் சுமக்கும் மனிதர் இரண்டு அலுவலகங்களின் வராந்தாக்களிலும் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். சிறப்புப் பள்ளிக்காரர்கள், “இது எங்களால் ஆகாது, டாக்டரிடம் காட்டுங்கள்” என்கிறார்கள். டாக்டரோ, “இந்தப் பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள், சிறப்புப் பள்ளிக்கு அனுப்புங்கள்” என்கிறார்.

இந்த அலைச்சல் எல்லா ஊர்களிலும் உள்ளதே எனினும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அதற்கு ஒரு தனி வடிவம் உண்டு. இம்மூன்று ஊர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்கும் தூரம். ஆயினும் 2018இல் எல்லைகள் மாற்றப்பட்ட பின் அம்பத்தூர் சென்னை மாவட்டத்தையும், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தையும் சேர்ந்தவை. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் வேறு, மாவட்ட மனநலத் திட்டம் வேறு, கையெழுத்திடும் ஆட்சியர் வேறு. அம்பத்தூரில் வாடகை உயர்ந்ததால் ஆவடிக்குக் குடிபெயரும் குடும்பம், தன் பிள்ளையின் காகிதங்களையெல்லாம் வேறொரு மாவட்டத்தில் புதிதாக எண்ணத் தொடங்க வேண்டியதாகிறது. பல்வகைக் குறைபாடுடையோருக்கென மத்திய அரசு 2005இல் அமைத்த தேசிய நிறுவனம் நம் மாநிலத்திலேயே இருப்பது பெருமைக்குரியது. ஆனால் அது இருப்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில். சத்தத்தைக் கண்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடும் ஓர் இளைஞரை ஆவடியிலிருந்து முட்டுக்காட்டுக்கு எத்தனை பஸ் மாறி அழைத்துச் செல்வது என்பதை, அழைத்துச் சென்றவர்களே அறிவார்கள்.

இரண்டாவது விசேஷம் வயதைப் பற்றியது. 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. பின்பு டன்லப் டயர் ஆலை வந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. அறுபதுகளில் தொழிற்பேட்டை விரிந்தது. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் வேலைக்கு வந்து, கொரட்டூரிலும் பட்டாபிராமிலும் இரண்டு கிரவுண்டு மனை வாங்கி வீடு கட்டிய அந்தத் தலைமுறைக்கு இன்று எழுபது, எண்பது வயது ஆகிறது. அவர்களுடைய வளர்ச்சிக் குறையுள்ள பிள்ளைகளுக்கு நாற்பது, ஐம்பது. கிராமத்துக் கூட்டுக்குடும்பத்தை விட்டு வந்தவர்கள் ஆகையால், அந்தப் பிள்ளைகளுக்குத் தாயும் தகப்பனுமே உலகம். தாய் இறந்த மூன்றாம் மாதம் ‘முரடாகிவிட்டான்’ என்று அழைத்துவரப்படும் நாற்பத்தைந்து வயதுப் ‘பையன்’களை இந்த வட்டாரத்தில் நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். அவர்களுள் பலரை இடுகாட்டுக்கு அழைத்துப் போகவில்லை. ‘அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்’ என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போனவள் ஏன் திரும்பவில்லை என்று அவர் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தால், அதற்கு மாத்திரை எழுதப்படுகிறது.

தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் இதனோடு தொடர்புடைய ஒரு முரண்பாடு இருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தொழிலாளி வேலையில் இருக்கும்வரை, அவரை முற்றிலும் நம்பியிருக்கும் குறைபாடுடைய பிள்ளைக்கு வயது வரம்பே இல்லாமல் ஈ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு. மிக நல்ல ஏற்பாடு. அவர் ஓய்வு பெற்றபின் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தமக்கும் தம் மனைவிக்கும் சிகிச்சையைத் தொடரலாம். அந்தச் சலுகையில் பிள்ளைக்கு இடமில்லை. பெற்றோர் தளர்ந்து, வருமானம் சுருங்கி, பிள்ளைக்கு நோய் வரும் சாத்தியமும் கூடியிருக்கிற அந்த வயதிலேயே பிள்ளையின் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்குகிறது. தொழிற்சங்கங்கள் மிகுந்த இந்த ஊரில் இதைப் பற்றி ஒரு தீர்மானம்கூட என் காதில் விழுந்ததில்லை.

இனி, நோயைக் கண்டறியும் முறைக்கு வருகிறேன். இரண்டு மூன்று பேருடைய வரலாறுகளைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி, ஓர் இளைஞருடைய கதையாகச் சொல்கிறேன். வயது இருபத்தாறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறு பட்டறையில் திருகாணிகளைப் பத்துப் பத்தாக எண்ணிப் பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டும் வேலை. பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. பத்து வரையில் தவறியதே இல்லை. ஒரு மாதம் அந்தப் பைகளில் ஒன்பதும் பதினொன்றுமாக வரத் தொடங்கின. வலக்கையால் தம் கன்னத்தில் அறைந்துகொண்டார். சோற்றுத் தட்டைத் தள்ளினார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டார். முன்பு பார்த்த இடத்தில், இது வளர்ச்சிக் குறையின் சுபாவம் என்று சொல்லி, அடக்கும் மாத்திரை ஒன்றைக் கொடுத்து, அடங்காதபோது அளவைக் கூட்டியிருந்தார்கள். தகப்பனார் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: “இவன் இப்படி இருந்ததே இல்ல சார்.”

வாயைத் திறந்து பார்க்க அரை மணி நேரம் பிடித்தது. முதலில் தகப்பனார் வாய் திறந்தார், பிறகு நான் திறந்தேன், பிறகு எங்கள் நர்ஸம்மா திறந்தார். நால்வராக ஆளுக்கொரு டார்ச் விளக்கொளியில் சிரித்துக்கொண்டிருந்தோம். கீழ்க் கடைவாய்ப்பல்லில் சீழ் கட்டியிருந்தது. பல்லை எடுத்தபின் அறைந்துகொள்வது நின்றுவிட்டது. அத்தோடு கதை முடிந்திருந்தால் மேடையில் சொல்வதற்கு அழகாயிருக்கும், முடியவில்லை. தூக்கம் வரவில்லை, திருகாணிக் கணக்கும் சரியாகவில்லை. எப்போதிலிருந்து, எப்போதிலிருந்து என்று துருவிக் கேட்டபோது, பல்வலிக்கு முன்னரே, தினமும் அவருக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்துவந்த அக்காள் கல்யாணமாகிக் காஞ்சீபுரம் போய்விட்ட செய்தி வெளிப்பட்டது. அது மனச்சோர்வு. அதற்குரிய மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கினோம். இரவு எட்டு மணிக்கு அக்காள் வீடியோவில் முகம் காட்ட வேண்டும் என்று மருந்துச் சீட்டிலேயே எழுதினேன். ஆறு வாரம் கழித்துப் பத்துகள் மீண்டும் பத்துகளாயின.

அமெரிக்காவில் ஸ்டீவன் ரைஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 1982இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரே நோய்க்குறிகளை மனநல நிபுணர்களிடம் காட்டி, சிலரிடம் இவர் அறிவு வளர்ச்சிக் குறையுடையவர் என்று சேர்த்துச் சொன்னபோது, அவர்கள் அதே குறிகளை மனநோயின் விளைவாகக் கருதுவது குறைந்துபோயிற்று. குறைபாட்டின் நிழல் நோயை மறைத்துவிடுகிறது. இந்த நிழல் இரு திசைகளிலும் விழும் என்பது என் அநுபவம். டவுன் சிண்ட்ரோம் உடையவர்கள் பலர் தமக்குத் தாமே பேசிக்கொள்வார்கள். பகலில் நடந்ததை மாலையில் வாய்விட்டுச் சொல்லி ஒழுங்குபடுத்திக்கொள்ளும் வழி அது. அதைக் கண்டு காதில் குரல் கேட்கிறது என்று முடிவுகட்டி மனச்சிதைவுக்கு மருந்து கொடுத்தால், இல்லாத நோய்க்கு இருக்கும் மனிதர் பலியாவார். அதே டவுன் சிண்ட்ரோம் உடைய முப்பத்தைந்து வயதுப் பெண் பேச்சைக் குறைத்து, உடம்பு கனத்து, மூலையில் உட்கார்ந்தால், தைராய்டு சுரப்பி மந்தமாகியிருக்கலாம், மனச்சோர்வாயிருக்கலாம், ஐம்பதை ஒட்டிய வயதானால் அல்சைமர் மறதி நோய், அவர்களுக்கு மற்றவர்களைவிட முந்தி வருவது ஆகையால், அதுவாகவும் இருக்கலாம். முதல் இரண்டும் தீர்க்கக்கூடியவை. ‘இப்படித்தான் இருப்பார்கள்’ என்ற இரண்டு வார்த்தைகளில் மூன்று நோய்களும் புதைந்துபோகின்றன.

மருந்தே நோய்போல் நடிப்பதும் உண்டு. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளால் சிலருக்குக் கால்களில் இருப்புக்கொள்ளாத ஓர் அவஸ்தை உண்டாகும். உட்கார முடியாது, நிற்க முடியாது, நடந்துகொண்டே இருப்பார்கள். பேசத் தெரிந்தவர், “டாக்டர், இந்த மாத்திரை போட்டதிலிருந்து காலில் ஏதோ ஊர்கிறது” என்பார். பேசத் தெரியாதவர் நடப்பார், அவ்வளவே. நடப்பது அதிகமாயிற்று என்று அளவு கூட்டப்படும். கூட்டக் கூட்ட நடை மிகும். வலிப்புக்குக் கொடுக்கும் பழைய பீனோபார்பிட்டோன் சில பிள்ளைகளைத் துறுதுறுவென்று ஆக்கிவிடும் என்பதும் மருத்துவர் அனைவரும் படித்த விஷயம்; படித்ததை நெரிசலான புறநோயாளிப் பிரிவில் நினைவுகூரத்தான் அவகாசம் கிடைப்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு பரிசோதனையை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அறிவு வளர்ச்சிக் குறையோடு அடிக்கும் இயல்பும் உடைய, ஆனால் மனச்சிதைவு போன்ற நோய் இல்லாத 86 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு ரிஸ்பெரிடோன், ஒன்றுக்கு ஹாலோபெரிடால், ஒன்றுக்கு வெறும் போலி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள் பீட்டர் டைரர் குழுவினர். முடிவு 2008இல் லான்செட் இதழில் வந்தது. நான்கு வாரத்தில் மூன்று கூட்டத்தாருக்கும் மூர்க்கம் தணிந்தது. மிக அதிகமாகத் தணிந்தது போலி மாத்திரை உண்டவர்களுக்கு, 79 சதவீதம். ஒருவர் தொடர்ந்து வந்து பார்த்ததும், கவனித்ததும், நாள்தோறும் குறிப்பு எழுதியதுமே மருந்தின் வேலையைச் செய்துவிட்டன என்று நான் இதைப் பொருள்கொள்கிறேன். மருந்தே வேண்டாம் என்பதன்று என் கட்சி. மனவெழுச்சி நோய்க்கும் மனச்சிதைவுக்கும் மருந்து மறுப்பது பாவம். நோய் இன்னதென்று தெரியாமல், நடத்தையை மட்டும் கண்டு எழுதப்படும் மருந்தைத்தான் சொல்கிறேன். இங்கிலாந்தில் தக்க காரணமின்றி இத்தகைய மருந்துகளை உண்போர் எந்த ஒரு நாளிலும் 30,000 முதல் 35,000 பேர் இருப்பார்கள் என்று 2015இல் அரசாங்கமே மதிப்பிட்டு, மறு ஆண்டு அவற்றைக் குறைப்பதற்கென்று ஓர் இயக்கம் தொடங்கியது. நம் நாட்டில் அப்படி எண்ணிப் பார்க்கும் காலம் இனிமேல் வர வேண்டும்.

நம்முடைய ஏற்பாடுகள் எதை அளக்கின்றன என்று கவனியுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. அறிவு வளர்ச்சிக் குறையும் மனநோயும் அதில் தனித்தனி வகைகள். 40 சதவீதம் என்ற கோட்டை எட்டியவருக்குச் சான்றிதழும் சலுகைகளும் உண்டு. நம் மாநில அரசு அறிவு வளர்ச்சிக் குறையுடையோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகையும் அளித்துவருகிறது. சான்றிதழ் எவ்வளவு என்று கேட்கிறது. எழுபத்தைந்து சதவீதம் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அது நிலைத்த எண். மனநோயோ மாறுதலில் இருக்கிறது. சென்ற தீபாவளிக்குச் சிரித்தவர் இந்தப் பொங்கலுக்குச் சிரிக்கவில்லை என்பதில் இருக்கிறது. அந்த மாறுதலைக் கண்டவர்கள் தாயும், ஆயாவும், சிறப்பாசிரியையும், பட்டறை மேஸ்திரியும், டாக்டர் அல்லர். டாக்டர் பார்ப்பது நோயுற்ற முகத்தை மட்டுமே. நலமாயிருந்த முகம் அவர் அறியாதது. ஆகவே இவர்களுக்கான மனநலச் சேவையைச் சீர்திருத்துவது என்றால், நலமாயிருந்த முகத்தை டாக்டரின் மேஜைக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டைச் செய்வது என்றே நான் பொருள்கொள்கிறேன்.

அதற்கு முதலில் வேண்டியது ஒரு தாள். இவ்வட்டாரத்துச் சிறப்புப் பள்ளிகளிலும் பகல்நேர இல்லங்களிலும் உள்ள ஒவ்வொருவருக்கும், அவர் நலமாயிருக்கும்போதே, ஆண்டுக்கு ஒருமுறை ஆசிரியையும் பெற்றோரும் சேர்ந்து ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும். எத்தனை மணிக்கு உறங்கி எழுகிறார், எத்தனை இட்லி உண்கிறார், என்னென்ன வார்த்தை பேசுகிறார், வலித்தால் எப்படிக் காட்டுகிறார், எதைக் கண்டால் ஆனந்தம், எதைக் கண்டால் அச்சம், மாதவிலக்கு நாட்களில் எப்படியிருப்பார், எடை என்ன, கடைசியாகப் பல்லையும் காதையும் பார்த்தது எப்போது. இதற்கு நிபுணர் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். நோய் வந்த நாளில் இந்த ஒரு பக்கம் ஒரு மூட்டை ஸ்கேன்களைக் காட்டிலும் பயன்படும். தாய் இறந்துவிட்டால் இதுவே தாயின் வாக்குமூலமாக நிற்கும். வயதான பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்: உயில் எழுதுவதற்கு முன் இதை எழுதுங்கள்.

அடுத்தது ஒரு கூட்டுச் சிகிச்சை நாள். ஆவடியிலோ அம்பத்தூரிலோ இப்போதுள்ள ஓர் அரசு ஆஸ்பத்திரியில், வாரத்தில் ஒரு பிற்பகல், மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரும், ஒரு பொது மருத்துவரும், ஒரு சிறப்பாசிரியரும் ஒரே அறையில் உட்கார வேண்டும். பல் வைத்தியத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, அவற்றின் மாணவர்களுக்கும் இவர்களைப் பார்த்துப் பழகுவது படிப்பே. 2013 முதல் நடைபெறும் ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய என்ற குழந்தைநலத் திட்டத்தின் மாவட்ட இடையீட்டு மையங்கள் பதினெட்டு வயதோடு நின்றுவிடுகின்றன. பத்தொன்பதாம் வயதில் பிள்ளையின் குறை மறைந்துவிடுவதில்லை. எனவே இந்தப் பிற்பகல் முதலாவதாக வயதுவந்தோருக்கு உரியதாயிருக்கட்டும். உலக வங்கிக் கடனுதவியோடு தமிழக அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தின் கீழ் ‘விழுதுகள்’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. அங்கே உடற்பயிற்சிச் சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் அமைவது நல்லது. அந்தக் கூரையின் கீழ் ஒரு மனநல மருத்துவருக்கும் நாற்காலி போட வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

அந்த நாளில் ஒரு நோயாளிக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். வரிசையில் நிற்க வைக்கக் கூடாது. செல்போனில் அழைத்தபின் உள்ளே வந்தால் போதும் என்று, அதுவரை வேப்பமர நிழலிலோ ஆட்டோவிலோ இருக்க விட வேண்டும். காத்திருக்கும் கூடத்தின் இரைச்சலே பலருக்கு மூர்க்கத்தை உண்டாக்குகிறது. டாக்டர் காண்பது அந்த மூர்க்கத்தை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருடைய மாத்திரைப் பட்டியலையும் எடுத்து, இது எதற்காகத் தொடங்கியது, யார் தொடங்கியது, இன்னும் வேண்டுமா என்று கேட்டு, வேண்டாததை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. எடையையும் இரத்தச் சர்க்கரையையும் பார்க்காமல் அடுத்த மாதச் சீட்டை எழுதலாகாது.

வீட்டில் கட்டிவைத்தல் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் சங்கிலியால் பிணிக்கப்பட்ட நிலையில் 28 பேர் தீயில் மாண்டபின், விடுதிகளின் சங்கிலியை நாடு பார்த்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவு மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுக்கிறது. ஆனால் வீட்டு ஜன்னல் கம்பியில் புடவைத் துண்டால் கட்டியிருக்கும் தாயைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவள் கட்டுவது ரேஷன் கடைக்குப் போய்வரும் ஒன்றரை மணி நேரத்துக்கு. அவிழ்த்துவிட்டால் பிள்ளை ரயில் பாதைக்கு ஓடிவிடுகிறான். மாதத்தில் நான்கு நாள், பிள்ளையை நம்பி விட்டுவரக்கூடிய ஓர் இடம் இந்த வட்டாரத்தில் இருந்தால் அந்தப் புடவைத் துண்டு அவிழும். நிரந்தர இல்லங்களுக்கு நன்கொடை தர முன்வரும் செல்வர்கள், பெயர்ப்பலகைக்கு அதிக இடமில்லாத இந்தச் சிறு காரியத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் டாக்டர்கள் எங்கே என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிரிட்டனில் அறிவு வளர்ச்சிக் குறையுடையோருக்கான மனநல மருத்துவம் ஒரு தனித் துறை. நம் நாட்டில் குழந்தை மனநலத்துக்கு மேற்படிப்பு வந்துவிட்டது, வளர்ந்தவர்களுக்கான துறை வேரூன்றவில்லை. அது வேரூன்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பட்ட மேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரையும் ஒரு மாதம் சிறப்புப் பள்ளியில் உட்கார வைத்தால், மருந்துச் சீட்டு இல்லாமல், வெள்ளைக் கோட்டு இல்லாமல், பிள்ளைகளோடு மதியச் சோறு உண்ண வைத்தால், இயல்பு இன்னது நோய் இன்னது என்ற விவேகம் புத்தகத்தைவிட விரைவில் படியும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டு வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்கள், இந்த வீடுகளின் படிகளை ஏற்கெனவே ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் கையில் நான் சொன்ன அந்த ஒரு பக்கத் தாளின் நகல் இருந்து, “போன மாசம் மாதிரியே இருக்காராம்மா?” என்ற ஒரு கேள்வியையும் கேட்டுக் குறித்துக்கொண்டு போனால், நோய் முற்றுமுன் செய்தி வரும்.

எல்லைப் பிரச்சினை ஒன்று எஞ்சியிருக்கிறது. இதற்குப் பணம் வேண்டாம், ஓர் அரசாணை போதும். கூட்டுச் சிகிச்சை நாள் எந்த மாவட்டத்து ஆஸ்பத்திரியில் நடந்தாலும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று வட்டத்தாரையும், ரேஷன் கார்டு முகவரி எதுவாயினும், அங்கே பதிந்து மருந்து கொடுக்க வேண்டும் என்று சென்னை, திருவள்ளூர் ஆட்சியர் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த அவையிலிருந்து அவ்விருவருக்கும் ஒரு விண்ணப்பம் எழுதலாம் என்று அவைத்தலைவர் அவர்கள் காலையில் என்னிடம் சொன்னார்கள். அதன் நகல் வாசலில் மேஜைமேல் இருக்கிறது. பெற்றோர்கள் கையெழுத்தோடு பிள்ளையின் வயதையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.